குறியறிந்து பிரித்தல்

சலவைத் தொழிலாளர் ஊரிலுள்ள பல வீடுகளிலிருந்தும் ஆடைகளைத் திரட்டிச் செல்வர். ஒரு வீட்டின் ஆடைகளை வெளுத்து முடித்த பின்னரே மறு வீட்டின் ஆடைகளைத் தொடுவதென அவர்கள் கொள்வாராயின், காலமும் விறகும் உழைப்பும் வீணாகும். ஆதலின், எல்லா ஆடைகளையும் ஒருங்கே வெள்ளாவியில் வைத்து, ஒருங்கே துவைத்து, ஒருங்கே உலர்த்துவர். அங்ஙனம் கலந்துவிட்ட ஆடைகளை மீண்டும் உரியவர் இல்லங்களிற் பிழையின்றிச் சேர்ப்பது எவ்வாறு? ஆடையின் ஓரத்தில் முன்னரே இட்டுவைத்த சிறு குறியே அதற்குத் துணையாகும். சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி எத்தனை முறை வெளுத்தாலும் எளிதில் அழிவதில்லை. குறியிடுதல், கலத்தல், குறியறிந்து பிரித்தல் என்னும் மூன்று செயல்களில் அத்தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது.

இந்நுட்பத்தையே இக்கால உயிரியல் அறிஞரும் தம் ஆய்வுக்கூடங்களிற் கையாளுகின்றனர். அவர்கள் குறியிடும் பொருள் ஆடையன்று. கண்ணுக்குப் புலனாகாத டி.என்.ஏ. என்னும் மரபிழை. அதனைப் பிரித்துக் கொடுப்பது கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள். அம்மென்பொருள் தன் பணியை எங்ஙனம் ஆற்றுகிறது, அதன்கண் நேரக்கூடிய பிழைகள் யாவை, அவை எவ்வாறு களையப்படுகின்றன என்பன இப்பாடத்தில் விளக்கப்பெறும்.

நான்கெழுத்து நூல்: ஓர் உயிரின் உடல் எவ்வாறு அமைந்து இயங்க வேண்டும் என்னும் செய்தி, அதன் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிற் பொதிந்துள்ளது. அவ்விழை முறுக்கிய நூலேணி போன்ற வடிவுடையது என்பதை 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் அறிஞர் இருவரும் உலகிற்கு அறிவித்தனர். உரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையாரின் ஆய்விற் கிடைத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் அம்முடிவிற்குப் பெருந்துணை புரிந்தன. ஏணியின் படிகளாக அமைந்தவை அடினைன், தைமின், சைட்டோசின், குவானைன் என்னும் நான்கு வேதிப்பொருள்கள். அவற்றை முறையே அ, த, ச, க என்னும் எழுத்துகளாற் குறித்துக்கொள்ளலாம். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247 உள்ளன. உயிர்களின் நெடுங்கணக்கிலோ நான்கே உள்ளன. ஆயினும், அந்நான்கும் மாறி மாறி நின்று புல் முதல் மனிதர் ஈறாக எல்லா உயிர்களின் இயல்பையும் எழுதிவிடுகின்றன. மனிதருடைய மரபிழைத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன.

படிக்கும் பொறிகள்: இந்நூலை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சிறந்ததொரு முறையை 1977ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிரெடரிக் சாங்கர் வகுத்தார். அதற்காக அவர் 1980ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எனினும், அம்முறை மெல்ல நடப்பது. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய மனித மரபிழைத் திட்டம், பல நாட்டு அறிஞர் கூடி உழைத்தும், 2003ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது.

இவ்வேலையை விரைவுபடுத்தியவருள் சங்கர் பாலசுப்பிரமணியன், டேவிட் கிளெனர்மன் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். பாலசுப்பிரமணியன் 1966ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்து, மழலைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்று, அங்கே வளர்ந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய இவ்விருவரும் கண்ட முறையின்படி, மரபிழையின் சிறு துணுக்குகள் கண்ணாடித் தகட்டின்மீது பதிக்கப்படுகின்றன. பின்னர், ஒளிரும் இயல்புடைய எழுத்துகள் ஒவ்வொன்றாக அவற்றோடு இணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் தோன்றும் ஒளியைப் படம் பிடித்து, இணைந்த எழுத்து இன்னதென்று பொறி உணர்ந்துகொள்கிறது. கோடிக்கணக்கான துணுக்குகள் ஒரே வேளையிற் படிக்கப்படுதலே இம்முறையின் சிறப்பு. இதன்பொருட்டு அவ்விருவருக்கும் 2020ஆம் ஆண்டிற்குரிய மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பட்டது.

குறியின் தேவை: பேராற்றலுடைய பொறி கிடைத்ததும் புதியதொரு சிக்கல் எழுந்தது. பொறியை ஒருமுறை இயக்குவதற்கு ஆகும் பொருட்செலவு பெரிது. அவ்வொரு முறையில் அது படித்துத் தரும் துணுக்குகளோ ஒரு மாதிரிக்குத் தேவையானதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. ஒரு பிடி நெல்லை அரைப்பதற்கு ஆலை முழுவதையும் இயக்குதல் அறிவுடைமையாகாது. ஆதலின், பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து படிப்பதே தக்கதெனக் கண்டனர். ஆனாற் கலந்தவற்றைப் பின்னர்ப் பிரித்தல் வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு மாதிரியின் துணுக்குகளோடும், கலப்பதற்கு முன்னரே, சில எழுத்துகளாலாகிய ஒரு சிறு இழையை ஒட்டிவிடுகின்றனர். முதல் மாதிரிக்கு ஒரு குறி. இரண்டாம் மாதிரிக்கு வேறொரு குறி. பொறி துணுக்கைப் படிக்கும்போது குறியையும் சேர்த்தே படித்துவிடும்.

இக்குறிக்குப் பட்டைக்குறி என்னும் பெயர் கடைவீதியிலிருந்து வந்தது. விற்பனைப் பொருள்களின் உறையிற் காணப்படும் கரிய கோடுகளின் முன்னோடியான குறிமுறைக்கு, உட்லண்ட், சில்வர் என்னும் அமெரிக்கர் இருவர் 1952ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றனர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டிராய் நகரிலுள்ள கடையொன்றில், சூயிங்கம் பொட்டலம் ஒன்றின் பட்டைக்குறி பொறியாற் படிக்கப்பட்டு விலை கணக்கிடப்பட்டது. அங்கே கோடுகள் பொருளின் பெயரைக் கூறின. இங்கே மரபிழையின் எழுத்துகளே தம் உரிமையாளரின் பெயரைக் கூறுகின்றன.

நான்கு வரிப் பதிவு: பொறி தான் படித்த ஒவ்வொரு துணுக்கையும் நான்கு வரிகளாற் பதிந்து வைக்கிறது. முதல் வரி துணுக்கின் பெயர். இரண்டாம் வரி அதன் எழுத்துகள். மூன்றாம் வரி பிரிப்பதற்கான கூட்டற்குறி. நான்காம் வரியோ மிக்க நயமுடையது. ஒவ்வோர் எழுத்தையும் எத்துணை உறுதியோடு படித்தது என்பதைப் பொறி அவ்வரியில் மதிப்பெண்ணாகக் குறித்துவிடுகிறது. மதிப்பெண் 20 என்றால், அவ்வெழுத்துப் பிழையாயிருக்க 100இல் ஒரு வாய்ப்பு உண்டு. 30 என்றால் 1,000இல் ஒன்று. 40 என்றால் 10,000இல் ஒன்று. தான் கூறுவதோடு தன் ஐயத்தின் அளவையும் சேர்த்துக் கூறும் சான்றாளனைப் போன்றது அப்பொறி.

மென்பொருளின் பணி: இத்தகைய பதிவுகள் கோடிக்கணக்கிற் குவிந்து கிடக்க, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது மென்பொருளின் கடமை. முதலில், துணுக்கினுள் குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது காணும். சில முறைகளிற் குறி துணுக்கின் தொடக்கத்திலேயே நிற்கும். வேறு சிலவற்றில் அது நடுவில் மறைந்திருக்கும். அவ்வாறாயின், குறிக்கு முன்னும் பின்னும் மாறாத எழுத்துகள் சிலவற்றை அறிஞர் வைத்திருப்பர். அவ்விரு எல்லைக் கற்களையும் தேடிக் கண்டு, இடைப்பட்ட பகுதியைக் குறியென மென்பொருள் கொள்ளும். இரண்டாவதாக, அப்பகுதியின் மதிப்பெண்களை நோக்கி, மிகத் தாழ்ந்தனவாயின் ஒதுக்கும். மூன்றாவதாக, எடுத்த குறியைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். நான்காவதாக, குறியை மரபிழையினின்று வெட்டி நீக்கி, எஞ்சிய எழுத்துகளை உரிய மாதிரியின் கோப்பிற் சேர்க்கும். வெட்டாது விடின், அறிஞர் புனைந்த எழுத்துகளும் உயிரின் எழுத்துகளே என்று பின்னர் மயங்க நேரும்.

மார்செல் மார்ட்டின் என்பவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கட்டடாப்ட்' என்னும் மென்பொருள் இத்தகைய தேடுதலையும் வெட்டுதலையும் செய்வது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'யூ.எம்.ஐ. டூல்ஸ்' என்பது, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனியே இட்ட குறியைப் பிரித்தெடுத்து, அதனைத் துணுக்கின் பெயர் வரியிலேயே எழுதிவிடும். ஒரே மூலக்கூறிலிருந்து பெருகிய படிகளைப் பலவென்று எண்ணாமல் ஒன்றென்று எண்ணுதற்கு அது உதவுகிறது. இவை யாவர்க்கும் திறந்த மென்பொருள்கள். எவரும் இவற்றின் கட்டளைகளைப் படித்துப் பார்க்கலாம்.

எழுத்துப் பிழை: பட்டியலோடு ஒப்பிடுதல் எளிய வேலை போலத் தோன்றும். பொறி என்றும் பிழையின்றிப் படிக்குமாயின் அது எளியதே. பனையேட்டைப் பார்த்து வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதியவர் ஓரோரிடத்து எழுத்தை மாற்றி எழுதியதுண்டு. ஓரோரிடத்து எழுத்தை விட்டதும் உண்டு. 'கழகம்' என்பதில் ஓர் எழுத்து மாறினாற் 'கலகம்' ஆகிவிடும். 'பலகை' என்பதில் ஓர் எழுத்து விடுபட்டாற் 'பகை' ஆகிவிடும். மரபிழையைப் படிக்கும் பொறிக்கும் இவ்விருவகைப் பிழைகளும் நேர்கின்றன. எழுத்து மாறிய குறி மற்றொருவருடைய குறியாகிவிடின், ஒருவருடைய துணுக்கு மற்றொருவரின் கோப்பிற் புகுந்துவிடும்.

இதற்குரிய மருந்து உயிரியலுக்குப் புறத்தே, முன்னரே ஆயத்தமாயிருந்தது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இரிச்சர்டு ஹாமிங் என்னும் கணித அறிஞர், கணிப்பொறி தன் பிழையைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடுவதைக் கண்டு சலிப்புற்றார். பிழை உண்டென்று அறியும் பொறி, அஃது எங்கே உள்ளதென்று அறிந்து திருத்தவும் கூடாதோ என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாகப் பிழை திருத்தும் குறிமுறையை 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவர் முறையின் கருத்தைச் சிறியதோர் எடுத்துக்காட்டால் உணரலாம். 'அசகத' என்பது ஒரு குறி. 'அசகச' என்பது மற்றொரு குறி எனக் கொள்வோமாயின், இரண்டிற்கும் வேற்றுமை ஓரெழுத்தே. கடைசி எழுத்திற் பிழை நேர்ந்தால் முதற்குறி இரண்டாம் குறியாகவே மாறிவிடும். பிழை நேர்ந்தது என்பதையும் அறிய இயலாது. 'அசகத', 'அசதச' என்னும் இரண்டிற்கும் வேற்றுமை ஈரெழுத்து. பொறி 'அசகச' எனப் படித்தாற் பிழையுண்டு என்பது விளங்கும். ஆயினும், அஃது இரு குறிகளினின்றும் ஓரெழுத்தே விலகி நிற்பதால், எக்குறியிலிருந்து திரிந்தது என்று துணிய இயலாது. 'அசகத', 'ததகச' என்னும் இரண்டிற்கும் வேற்றுமை மூன்றெழுத்து. இப்போது 'அசகச' எனப் படிக்கப்படின், அது முதற்குறியினின்று ஓரெழுத்தும், இரண்டாம் குறியினின்று ஈரெழுத்தும் வேறுபடுகின்றது. நேர்ந்த பிழை ஒன்றேயாயின் அது முதற்குறியே எனத் தெளியலாம். ஆகவே, குறிகளைத் தம்முள் மூன்றெழுத்தேனும் வேறுபடுமாறு தெரிந்தெடுத்தால், ஒரு பிழை நேரினும் திருத்திக்கொள்ளலாம் என்பது பெறப்படும்.

எட்டெழுத்துக் குறிகள் நான்கு எழுத்துகளைக் கொண்டு 65,536 அமைக்கலாம். ஆயினும், கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹமடி, நைட் முதலியோர் அவற்றுள் ஹாமிங் முறைக்கு ஒத்த 1,544 குறிகளையே தகுந்தனவென எடுத்தனர். திரட்டிய 286 பாக்டீரியா மாதிரிகளைக் குறியிட்டுக் கலந்து படித்து, மாதிரி மாறிச் சேரும் பிழைகளில் 92 விழுக்காட்டைத் திருத்தியதாக 2008ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். குறிகள் மிகப் பலவாயிருத்தலினும், அவை தம்முள் நன்கு வேறுபட்டிருத்தலே சிறந்தது என்பதை இதனால் உணரலாம். எழுத்து விடுபடும் பிழைக்கு ஹாமிங் அளவை மட்டும் போதாது. மாறுதல், விடுபடுதல், மிகுதல் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கும் அளவையை உருசிய அறிஞர் இலெவன்ஸ்டீன் 1965ஆம் ஆண்டில் வகுத்தார். அதுவும் இன்று பயன்படுகிறது.

பட்டியல் இல்லாக் குறிகள்: சில ஆய்வுகளில் ஒப்பிடுவதற்குப் பட்டியலே இராது. 2015ஆம் ஆண்டில் இலெவி முதலிய அறிஞர் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. அவர்கள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் அணுக்களில், 20 இடங்களில் எழுத்துகள் தற்செயலாய் அமைந்த குறிகளைப் பதித்தனர். 20 எழுத்துகளால் ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட குறிகள் அமையக்கூடும். ஆகவே, ஏறத்தாழ 5 இலட்சம் குடிவழிகளுக்குத் தனித்தனிக் குறிகள் கிடைத்தன. தாயணு இரண்டாகப் பிரியும்போது குறியும் சேய்களுக்குச் செல்லும். நாட்கள் செல்லச் செல்ல எக்குடி பெருகிற்று, எக்குடி தேய்ந்தது என்பதைக் குறிகளை எண்ணியே அறிந்தனர். பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணி, புற்றுநோய் என்பன உடலினுள் பெருகி மாறுதலடைவது உலக மக்களின் இறப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்கு அடிப்படையாகும் என்று அவ்வறிஞர் குறிப்பிட்டுள்ளனர். ஆதலின், அணுக்களின் குடிவழி வரலாறு மக்கள் உயிரோடு தொடர்புடைய வரலாறேயாகும்.

இங்கே பிழை செய்யும் கேடு எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரெழுத்துப் பிழையாக 1,000இல் ஒரு வாய்ப்பு என்றால், 20 எழுத்துக் குறியில் பிழை நேர 100இல் ஏறத்தாழ இரண்டு வாய்ப்பு உண்டு. ஒரு கோடித் துணுக்குகளைப் படித்தால், ஏறத்தாழ 2 இலட்சம் குறிகள் பிழைபட்டு நிற்கும். மென்பொருள் அவற்றை அவ்வாறே எண்ணுமாயின், உலகில் என்றும் இல்லாத குடிகள் பல்லாயிரம் பட்டியலிற் புகுந்துவிடும். இதனைத் தவிர்க்க, ஒன்றற்கொன்று நெருங்கிய குறிகளை மென்பொருள் ஒரு குழுவாகத் திரட்டுகிறது. ஒரு குறி பதினாயிரம் முறையும், அதனின்று ஓரெழுத்தே வேறுபட்ட மற்றொரு குறி மும்முறையும் காணப்படின், பின்னது முன்னதன் பிழைவடிவம் எனக் கொள்ளுதல் முறையாகும். 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 'பார்டெண்டர்' என்னும் மென்பொருள் குறிகளை இவ்வாறு பிரித்தெடுத்துக் குழுவாக்கி எண்ணுகிறது. எனினும், மும்முறை மட்டும் தோன்றிய குறி, உண்மையிலேயே தேய்ந்துவரும் ஒரு சிறு குடியின் குறியாகவும் இருத்தல் கூடும். பெரியதன் அருகே நின்ற காரணத்தால் மட்டும் சிறியதை விழுங்கிவிடாதபடி, எத்தனை முறை பிழை நேர்தல் இயல்பு என்பதையும் மென்பொருள் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தாவும் குறி: எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாதிருந்தும் குறி பொய் கூறும் நிலை உண்டு. பலருடைய மாதிரிகளைக் கலந்து வைத்திருக்கும்போது, ஒருவருடைய குறி மற்றொருவருடைய துணுக்கோடு ஒட்டிக்கொள்ளுதல் நேர்வதுண்டு. 2017ஆம் ஆண்டில் புதுவகைப் பொறிகளில் இக்குறித்தாவல் அறிஞரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. இதற்கு உதவும் வழியை 2012ஆம் ஆண்டிலேயே கிர்ச்சர், சாயர், மேயர் என்னும் மூவர் எடுத்துக்காட்டியிருந்தனர். துணுக்கின் இரு முனைகளிலும் இரு குறிகள் இடுக. அவ்விரண்டும் பொருந்தினாலன்றி ஏற்காதிருக்க என்பதே அவ்வழி. ஒரு முனையின் குறி தாவினாலும், மறுமுனையின் குறி அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சான்று போதாதவிடத்து இரு சான்றுகளை நாடும் நீதிமுறையை இஃது ஒத்துள்ளது.

ஒதுக்கிவைக்கும் நேர்மை: இவ்வளவு காவல் செய்தும், எப்பட்டியலிலும் சேராத குறிகள் எஞ்சி நிற்கும். அவற்றை மென்பொருள் என் செய்யும்? ஏதேனும் ஒரு மாதிரியிற் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை பெருகும். வேலையும் நிறைவாக முடிந்தது போலத் தோன்றும். ஆனால், நன்கமைந்த மென்பொருள் அவ்வாறு செய்வதில்லை. 'உரியவர் அறியப்படாதவை' எனத் தனிக் கோப்பொன்று வகுத்து, அவற்றை அதனுள் இட்டு வைக்கிறது. விதியை மிக இறுக்கினால் நல்ல துணுக்குகளும் அக்கோப்பிற் சென்று வீணாகும். மிகத் தளர்த்தினால் பிறர் துணுக்குகள் கலந்துவிடும். எத்தனை எழுத்து வேற்றுமையைப் பொறுக்கலாம் என்று வரையறுப்பது, மென்பொருளை இயக்கும் மனிதரின் பொறுப்பேயாகும்.

அப்பொறுப்பு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு முதல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, நோயாளர் பலரின் மாதிரிகளைக் குறியிட்டுக் கலந்து படித்தே, அவ்வைரசின் உருமாற்றங்களை அறிஞர் பின்தொடர்ந்தனர். புற்றுநோய் மருத்துவத்திலும் நோயாளரின் மரபிழை இவ்வாறு படிக்கப்படுகிறது. ஒருவருடைய குறி மற்றொருவருடையதாகக் கொள்ளப்படின், நோயில்லாதவர் நோயாளராகவும், மருந்து வேண்டியவர் அது வேண்டாதவராகவும் முடிவு செய்யப்பட இடமுண்டு. ஓரெழுத்தின் பிழை ஏட்டில் நேர்ந்தாற் பொருள் கெடும்; இங்கு நேர்ந்தால் ஒருவர் வாழ்வே கெடக்கூடும்.

பிழையே செய்யாத பொறி எங்கும் இல்லை. பிழையே செய்யாத மனிதரும் இல்லை. பிழை நேரும் என்பதை முன்னரே எதிர்நோக்கி அதனைத் திருத்தும் வழியை அமைத்துக்கொள்வதும், திருத்த இயலாதவிடத்து ஊகத்தாற் கூறாது ஒதுக்கி வைப்பதும் அறிவியலின் இரு கண்கள். மாணவர்கள் எத்துறையிற் சென்று பணியாற்றினும் இவ்விரண்டையும் கைக்கொள்வாராயின், அவர் கூறும் முடிபுகள் சான்றோரால் ஏற்கப்படும். அவற்றை நம்பி வாழ்வோர்க்கும் நன்மை விளையும்.